மணிக்கட்டில் ஒரு வாசல்

ஆபரேஷன் முடிந்து கண் விழிப்பவரிடம் டாக்டர், நர்ஸ், உறவினர் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "வலிக்கிறதா?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் நோயாளியை அதிகம் பயமுறுத்துவது பல சமயம் வலி அல்ல. 1999ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக டாக்டர்கள், ஆபரேஷனுக்கு வந்தவர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து, மயக்கம் தெளிந்த பிறகு எது வரவே கூடாது என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். முதலிடம் வாந்திக்கு. தொண்டையில் குழாய் இருக்கும்போதே குமட்டிக்கொண்டு வருவது அடுத்தது. தையல் போட்ட இடத்து வலி அதற்கும் பிறகுதான் வந்தது.

வயிற்றில் புதுத் தையலோடு ஒரு இரவு முழுக்க ஓங்கரித்தவர்களுக்கு இந்த வரிசையில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. ஒவ்வொரு ஓங்கரிப்பும் தையலை இழுக்கிறது. குடித்த தண்ணீர் தங்குவதில்லை. அரை மயக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆபத்து. மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர் இன்னொரு நாள் படுக்கைக்கு வாடகை கட்டுகிறார். ஈதர் கொடுத்து மயக்கிய காலத்தோடு ஒப்பிட்டால் நிலைமை எவ்வளவோ தேவலை. இருந்தும், தடுப்பு மருந்து எதுவும் கொடுக்காவிட்டால் ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் சுமார் 30 சதவிகிதம் பேர் வாந்தியெடுக்கிறார்கள்.

யார் அந்த 30 சதவிகிதம் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிட முடியும். ஜெர்மானிய மயக்க மருந்து நிபுணர் கிறிஸ்டியன் ஆப்ஃபெலும் அவரது சகாக்களும் 1999ல் நான்கே கேள்விகளில் இதை அடக்கினார்கள். நோயாளி பெண்ணா? புகை பிடிக்காதவரா? முன்பு ஆபரேஷனின்போதோ பயணத்திலோ வாந்தியெடுத்தவரா? ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின் வகை வலி மருந்து கொடுக்கப்போகிறார்களா? நான்குக்கும் 'இல்லை' என்றால் வாந்திக்கான வாய்ப்பு 10 சதவிகிதம். ஒரு 'ஆம்' என்றால் 20, இரண்டு என்றால் 40, மூன்று 60, நான்கு 80. (சிகரெட் பிடிப்பவருக்கு வாந்தி குறைவு என்பது உண்மைதான். அவருக்கு அதைத் தவிர வேறு லாபம் எதுவும் இல்லை.)

இந்தக் கணக்கை நம் நாட்டுப் பெண்களுக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் புகை பிடிப்பதில்லை. ஆக, ஆபரேஷன் அறைக்குள் நுழையும்போதே இரண்டு 'ஆம்'. வலிக்கு மார்ஃபினோ, நம் மருத்துவமனைகளில் சகஜமாகப் புழங்கும் ட்ரமடாலோ கொடுத்தால் மூன்று. பஸ்ஸில் ஏறினால் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே பயணம் செய்பவராக இருந்தால் நான்கும் முடிந்தது. சிக்கல் இதில்தான் இருக்கிறது. வலியைப் போக்கக் கொடுக்கிற மருந்தே வாந்தியைக் கொண்டுவருகிறது. வாந்திக்குப் பயந்து மருந்தைக் குறைத்தால் வலி தாங்க முடிவதில்லை. இரண்டையும் ஒரு சேரக் கொஞ்சம் குறைக்கிற எதுவும் நோயாளிக்குப் பெரிய உதவி. அக்குபங்சர் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது, மணிக்கட்டு வழியாக.

உள்ளங்கையை மேலே பார்த்தபடி திருப்பி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி அவரவர் விரலால் மூன்று விரல் அகலம் தள்ளினால், இரண்டு தசைநார்களுக்கு நடுவே ஒரு பள்ளம் தட்டுப்படும். சீனர்கள் இதை 'நெய்குவான்' என்கிறார்கள். உள்வாசல் என்று பொருள். உலகெங்கும் அக்குபங்சர் செய்பவர்களுக்கு இது பி-6. உடற்கூறியல் படித்தவர்களுக்கு, கைவிரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பு ஓடும் இடம். குமட்டலுக்கும் வாந்திக்கும் இங்கே ஊசி குத்த வேண்டும் என்பது சீன வைத்தியத்தின் பழைய பாடம்.

அந்தப் பாடத்தை மேலை நாட்டு முறையில் பரீட்சைக்கு உட்படுத்தியவர் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் மயக்க மருந்துப் பேராசிரியர் ஜான் டண்டி. மாற்று மருத்துவ ஆர்வலர் அல்ல. மயக்க மருந்துகளை ஆராய்ந்தே பேர் வாங்கியவர். சிறிய மகளிர் நோயியல் ஆபரேஷனுக்கு வந்த பெண்களில் சிலருக்கு அவர் பி-6ல் ஊசி குத்தினார். சிலருக்குக் கையில் சம்பந்தமில்லாத வேறோர் இடத்தில் குத்தினார். சிலருக்கு எதுவும் செய்யவில்லை. பி-6ல் குத்தப்பட்டவர்கள் குறைவாக வாந்தியெடுத்தார்கள். 1986ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதை வெளியிட்டது. தலைப்பில் ஜாக்கிரதையாக ஒரு கேள்விக்குறி இருந்தது.

கேள்விக்குறியோடு விட்டுவிடவில்லை டண்டி. அடுத்த சில ஆண்டுகளில் புற்றுநோய் மருந்து சாப்பிடுபவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் அதே இடத்தைச் சோதித்தார். அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான சோதனை 1991ல் வெளிவந்தது. ஊசி குத்துவதற்கு முன்பு பி-6ல் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினார்கள். ஊசி அதே ஊசி, இடம் அதே இடம். ஆனால் பலன் போய்விட்டது. வெறும் நம்பிக்கையின் வேலை என்றால் மரத்த தோலிலும் அது நடந்திருக்க வேண்டும் அல்லவா? நரம்பு வழியாக ஏதோ சேதி மேலே போகிறது, அந்த வழியை அடைத்தால் சேதி நின்றுவிடுகிறது என்பதுதான் இதற்குச் சுலபமான விளக்கம்.

பிறகு பல நாடுகளிலும் இந்தச் சோதனையைச் செய்ய ஆரம்பித்தார்கள். 1996ல் லண்டன் ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரூ விக்கர்ஸ் அதுவரை நடந்த 33 சோதனைகளைத் தொகுத்தார். நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது ஊசி குத்திய நான்கில் பலனில்லை. மிச்சம் 29ல் 27 அக்குபங்சருக்குச் சாதகம். அக்குபங்சர் பற்றி நல்லதாக நினைக்காதவர்களையும் யோசிக்க வைத்த கணக்கு இது. 1997 நவம்பரில் அமெரிக்க அரசின் தேசிய சுகாதாரக் கழகங்கள் கூட்டிய நிபுணர் குழு, அக்குபங்சரின் நீண்ட உரிமைப் பட்டியலில் நம்பிக்கை தருவதாகத் தேர்ந்தெடுத்தவற்றில் முக்கியமானவை ஆபரேஷனுக்கும் புற்றுநோய் மருந்துக்கும் பின் வரும் குமட்டல், வாந்தி, பல் சிகிச்சைக்குப் பின் வரும் வலி.

இப்போது கையில் இருக்கிற பெரிய கணக்கு 2015ல் காக்ரேன் அமைப்புக்காக ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் அன்னா லீயும் சகாக்களும் போட்டது. 59 சோதனைகள், 7,667 நோயாளிகள். பி-6ஐத் தூண்டியவர்களுக்கு, போலியாகத் தூண்டியவர்களைவிடக் குமட்டல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், வாந்தி 40 சதவிகிதமும் குறைந்திருந்தது. வாந்தி மருந்துகளோடு நேருக்கு நேர் நிறுத்தியபோது வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, மருந்து எவ்வளவு தடுக்கிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு. சோதனைகளின் தரம் சீராக இல்லை என்பதையும் லீ மறைக்கவில்லை. போலியோடு ஒப்பிட்ட ஆதாரங்களுக்கு அவர் கொடுத்த மதிப்பெண் குறைவுதான். 2020ல் பல நாட்டு மயக்க மருந்து நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் மருந்துகளோடு மருந்துகளாக மணிக்கட்டுத் தூண்டலுக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

ஊசிதான் வேண்டும் என்பதில்லை. விரலால் அழுத்தலாம். பிளாஸ்டிக் குமிழ் வைத்த பட்டையைக் கட்டலாம். கப்பல் பயணிகள் கட்டிக்கொள்வதும் அதைத்தான். தோலின் மேலேயே மெல்லிய மின்சாரம் பாய்ச்சலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டோங் கான் தலைமையில் நடந்த சோதனையில் செய்தது இதைத்தான். மார்பக ஆபரேஷனுக்கு வந்த 75 பெண்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு பி-6ல் மின் தூண்டல். இன்னொன்றுக்கு ஒண்டான்செட்ரான். மூன்றாவதுக்கு இரண்டும் இல்லை. 24 மணி நேரம் குமட்டலோ வாந்தியோ இல்லாமல் கழித்தவர்கள் மின் தூண்டல் பிரிவில் 73 சதவிகிதம், ஒண்டான்செட்ரான் பிரிவில் 52, மூன்றாவதில் 38. 2004ல் இந்த முடிவு வெளியானபோது டாக்டர்கள் அதிகம் எதிர்பாராத ஒரு விஷயமும் சேர்ந்து வந்தது. மணிக்கட்டில் தூண்டப்பட்ட பெண்களுக்கு வலியும் குறைவாக இருந்தது.

வலி என்று வந்தவுடன் அக்குபங்சரைப் பற்றிய பேச்சு கதையாக மாறிவிடுகிறது. இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது ஓர் அப்பெண்டிக்ஸ். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன் சீனாவில் இருந்தார். அமெரிக்க அதிபர் நிக்சனின் தூதர் கிஸ்ஸிங்கர் ரகசியமாகப் பீகிங் வந்து போனது அம்பலமான அதே நாட்களில் ரெஸ்டனுக்கு அப்பெண்டிசைட்டிஸ். ராக்ஃபெல்லர் பணத்தில் உருவாகி, அப்போது ஏகாதிபத்திய எதிர்ப்பு மருத்துவமனை என்று பெயர் மாற்றப்பட்டிருந்த இடத்தில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. ஜூலை 26ஆம் தேதி நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் அவரே அதை எழுதினார். அமெரிக்காவில் அக்குபங்சர் மோகம் அன்றிலிருந்து ஆரம்பம்.

ரெஸ்டனை ஊசி குத்தி மயக்கி, மருந்தே இல்லாமல் அறுத்தார்கள் என்று இன்றுவரை சொல்கிறவர்கள் உண்டு. அவர் எழுதியது அதுவல்ல. ஆபரேஷனுக்கு வழக்கமான மரத்துப்போகும் மருந்தைத்தான் ஊசி மூலம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு, இரண்டாவது நாள் இரவு, வயிறு உப்பி அவதிப்பட்டபோதுதான் அக்குபங்சர் நிபுணர் வந்தார். வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் மெல்லிய நீள ஊசிகள் மூன்றைக் குத்தினார். மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே காட்டினார். எல்லாமாக 20 நிமிடம். வயிற்று வாயுவை விரட்ட இவ்வளவு ஏற்பாடா என்று ரெஸ்டன் நினைத்துக்கொண்டாராம். ஒரு மணி நேரத்தில் உப்புசம் தணிந்தது, பிறகு திரும்பவில்லை. ஒருவருக்கு ஒரு முறை நடந்தது எதையும் நிரூபிப்பதில்லை. ஆனால் அந்தக் கட்டுரை சொன்னது ஆபரேஷனுக்குப் பிந்தைய உபாதையைப் பற்றி. படித்தவர்கள் நினைவில் வைத்துக்கொண்டதோ ஆபரேஷனை.

இந்தக் குழப்பத்தால் அக்குபங்சருக்குத்தான் கெட்ட பெயர். 2006ல் பி.பி.சி. தொலைக்காட்சி ஷாங்காயில் ஒரு பெண்ணுக்கு அக்குபங்சர் துணையோடு திறந்த இருதய ஆபரேஷன் நடப்பதைக் காட்டியது. பார்த்தவர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். பிறகுதான், அந்தப் பெண்ணுக்கு ஃபென்டனில் உட்பட மூன்று வலுவான மருந்துகளும் மார்பில் மரத்துப்போகும் ஊசியும் போடப்பட்டிருந்த விஷயம் பெரிதாகப் பேசப்பட்டது. கத்தியின் வலியை ஊசி நிறுத்தும் என்று நம்பி எந்த நோயாளியும் மேஜையில் படுக்க வேண்டியதில்லை.

ஊசியால் ஆகிற காரியம் அதைவிடச் சின்னது. டியூக் குழு 2008ல் 15 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. ஆபரேஷனுக்கு முன்போ நடுவிலோ பின்போ அக்குபங்சர் செய்துகொண்டவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் சுமார் 8 மில்லிகிராம் மார்ஃபின் குறைவாகத் தேவைப்பட்டிருந்தது. 8 மில்லிகிராம் என்பது கேட்பதற்கு அற்பம். படுக்கையில் இருப்பவருக்கு அப்படியல்ல. மார்ஃபின் குறைந்தால் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற குமட்டல், தலைசுற்றல், அரிப்பு, தூக்கக் கலக்கம், சிறுநீர் இறங்காமல் கட்டிக்கொள்வது எல்லாமே குறைந்தன. ரப்பர் குழாய் போட்டுச் சிறுநீரை வெளியேற்றிய அனுபவம் உள்ளவர்களைக் கேட்டால் இதன் மதிப்பைச் சொல்வார்கள்.

இது எப்படி நடக்கிறது? சீன வைத்தியர்களின் விளக்கம் 'சீ' என்ற உயிர்ச்சக்தி, அது ஓடும் பாதைகள், பாதையில் அடைப்பு. அறுத்துப் பார்த்த யாருக்கும் அந்தப் பாதைகள் தட்டுப்பட்டதில்லை. பீகிங் மருத்துவக் கல்லூரியின் ஹான் ஜிஷெங் வேறு வழியில் போனார். 1970களின் ஆரம்பத்தில், அக்குபங்சர் செய்த முயலின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, செய்யாத முயலுக்குச் செலுத்தினார். அந்த முயலுக்கும் வலி தாங்கும் சக்தி கூடியது. உடம்பு தானே சுரக்கிற, மார்ஃபின் மாதிரியான ரசாயனங்கள் இதில் சம்பந்தப்பட்டவை என்பது பின்னால் தெரிந்தது. மின் தூண்டலின் வேகத்தை மாற்றினால் சுரக்கிற ரசாயனமும் மாறுகிறது என்றும் ஹான் காட்டினார். வலியைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் போதுமான விளக்கம். வாந்திக்கு இன்னும் முழு விளக்கம் கிடைக்கவில்லை.

எதிர்க்கட்சி சும்மா இல்லை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் கான்ராட் ஸ்ட்ரைட்பெர்கர் ஒரு போலி ஊசியைக் கண்டுபிடித்து 1998ல் வெளியிட்டார். நாடகத்தில் குத்துகிற கத்தி போல, முனை தோலில் பட்டவுடன் பிடிக்குள் போய்விடும். நோயாளி குத்தப்பட்டதாகவே நினைப்பார். இந்த ஊசியை வைத்து அவர் 220 பெண்களிடம் பி-6ஐச் சோதித்து 2004ல் வெளியிட்டபோது, நிஜ ஊசிக்கும் போலி ஊசிக்கும் குமட்டல், வாந்தி இரண்டையும் சேர்த்த மொத்தக் கணக்கில் பேர் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2013ல் லண்டனின் டேவிட் கோல்குஹூனும் அமெரிக்காவின் ஸ்டீவன் நோவெல்லாவும் ஒருபடி மேலே போய், அக்குபங்சர் ஒட்டுமொத்தமாக நாடகம், நம்பிக்கை தருகிற ஆறுதலுக்கு மேல் ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். டியூக்கின் மணிக்கட்டுச் சோதனையை வெளியிட்ட அதே மருத்துவ இதழ்தான் இதையும் வெளியிட்டது.

முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, மலட்டுத்தன்மை, ஆஸ்துமா என்று எல்லாவற்றுக்கும் ஊசி என்கிற கடைகளைப் பார்க்கும்போது இந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது. ஆனால் மணிக்கட்டு விஷயத்தில் இது கொஞ்சம் அவசரத் தீர்ப்பு. மரத்த தோலில் பலன் நின்றுபோனதையும், 59 சோதனைகளின் சராசரியையும் நாடகம் என்ற ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. ஒரு முறை ஒரு காரியத்துக்கு உதவுகிறது என்பதால் அதன் தத்துவம் முழுதும் உண்மையாகிவிடாது. தத்துவம் தப்பு என்பதால் அந்த உதவி பொய்யாகிவிடவும் செய்யாது.

இந்தியாவுக்கு இந்த ஊசி வந்தது ஒரு யுத்தத்தின் வழியாக. ஜப்பானியப் படையெடுப்பில் தவித்த சீனாவுக்கு 1938ல் காங்கிரஸ் கட்சி ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அங்கேயே உயிர்விட்ட துவாரகநாத் கோட்னிஸை, அவரைப் பற்றிய சாந்தாராமின் திரைப்படத்தால் நாடறியும். உயிரோடு திரும்பியவர்களில் ஒருவர் கல்கத்தாவின் பிஜய் குமார் பாசு. 1950களின் கடைசியில் மறுபடி சீனா போனபோது அக்குபங்சர் கற்றுவந்து, 1959ல் கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996ல் இதற்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. மகாராஷ்டிரம் 2015ல் நிறைவேற்றியது. மத்திய அரசு தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது 2019ல்தான். இந்த 60 ஆண்டுகளும் அக்குபங்சர் பெரும்பாலும் தனிக் கிளினிக்கில் இருந்தது. ஆபரேஷன் அறை வேறு உலகமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே கதவு சரியாகத் திறக்கவில்லை.

ஒண்டான்செட்ரான் இங்கே மலிவு, ஒரு ஊசியில் வேலை முடிந்துவிடும், பிறகு எதற்கு இந்த வம்பு என்று ஒரு மயக்க மருந்து டாக்டர் கேட்டால் அதற்கு அர்த்தம் உண்டு. ஆனால் அந்த மருந்தும் எல்லோருக்கும் கேட்பதில்லை. சிலருக்குத் தலைவலியும் மலச்சிக்கலும் தருகிறது. இருதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். மூன்று, நான்கு 'ஆம்' சொன்ன நோயாளிக்கு ஒரு மருந்து போதாது, இரண்டு மூன்று வழிகளைச் சேர்த்துத் தடுக்க வேண்டும் என்பதே இன்றைய வழக்கம். அந்த இரண்டு மூன்றில் செலவில்லாத ஒன்றாக மணிக்கட்டைச் சேர்த்துக்கொள்வதில் நஷ்டம் எதுவும் இல்லை.

செலவில்லாத என்பது மிகையல்ல. தசைகளைத் தளர்த்தும் மருந்து எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று பார்க்க, ஆபரேஷன் அறையில் நோயாளியின் கை நரம்பை ஒரு சின்னக் கருவியால் மின்சாரம் கொடுத்துத் தூண்டிப் பார்ப்பதுண்டு. வழக்கமாகச் சுண்டுவிரல் பக்கத்து நரம்பில் வைப்பார்கள். சுவிட்சர்லாந்தில் அதே கருவியை பி-6 மேல் வைத்துப் பார்த்தார்கள். லேப்ராஸ்கோபி ஆபரேஷன் செய்துகொண்ட 220 பெண்களில், வழக்கமான இடத்தில் வைத்தவர்களில் 61 சதவிகிதம் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வந்தது. பி-6ல் வைத்தவர்களில் 45 சதவிகிதம். 2007ல் வெளிவந்த இந்தச் சோதனையில் வாந்தி குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை, குமட்டல் குறைந்தது. புதுக் கருவி இல்லை, புது ஆள் இல்லை. இருக்கிற கருவியைச் சில அங்குலம் நகர்த்தினார்கள், அவ்வளவுதான். விக்கர்ஸின் கணக்குக்கு மாறாக இந்தப் பெண்கள் முழு மயக்கத்தில் இருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். எந்த நேரத்தில் தூண்டுவது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

ஊசிதான் குத்துவது என்றால் சில நிபந்தனைகள் உண்டு. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசி இன்னொருவருக்கு வரக் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமிகள் அப்படிப் பரவியதற்கு உலகில் பல ஊர்களில் உதாரணம் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பட்டையைக் கட்டினால் கை வீங்கும்படி இறுக்கக் கூடாது. டிரிப் ஏறுகிற கையில் கட்டாமல் இருப்பது உத்தமம். டாக்டர் எழுதிய மருந்தை நிறுத்திவிட்டு ஊசியை மட்டும் நம்பச் சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் இரண்டு நாள் கழித்தும் வாந்தி நிற்காவிட்டால், அல்லது வயிறு கல் போல உப்பினால், அது மணிக்கட்டால் தீரும் விஷயமல்ல. சர்ஜன் வந்து பார்க்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மயக்க மருந்து டாக்டர் வார்டுக்கு வருவார். பல் செட் உண்டா, ஆஸ்துமா உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போய்விடுவார். பஸ்ஸில் போனால் வாந்தி வருமா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நோயாளியே சொல்லிவிடலாம்.